கனவான்களுடன் ஒரு சீமாட்டி

கார்ப் பந்தயம் என்றதும், "அது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்திலும் வெகு காலம் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரின் 500 மைல் பந்தயம் 1911-ல் ஆரம்பமானது. நாலு மூலையும் வளைந்த நீள்சதுரப் பாதை. ஒரு சுற்று இரண்டரை மைல். இருநூறு சுற்று சுற்ற வேண்டும்! கார்களுக்கு மட்கார்டு கிடையாது. நாலு சக்கரங்களும் வெளியே துருத்திக் கொண்டிருக்கும். பக்கத்துக் காரின் சக்கரத்தோடு உரசினால் வண்டி ஆகாயத்தில் கிளம்பிவிடும்.

1929-ல் ஜயித்த காரின் சொந்தக்காரர் மாட் யேகிள் என்ற பெண்மணி. பணம் அவருடையது, கார் அவருடையது. ஆனால் கார்க் கொட்டகைக்குள் கால் வைக்க மட்டும் அனுமதியில்லை! 1971 வரையில் பெண்களுக்கு அங்கே இதுதான் சட்டம்.

1976-ல் ஜேனட் கத்ரி வந்து சேர்ந்தார். பௌதிகம் படித்தவர், விமானம் ஓட்டத் தெரிந்தவர், தம் கார் என்ஜினைத் தாமே பிரித்துப் பூட்டுகிறவர். "இவ்வளவு தூரம் ஓட்டப் பெண்ணுக்குத் தெம்பு ஏது?" என்றார்கள் சில வீரர்கள். அந்த வருஷம் அவருக்குக் கிடைத்த காரில் வேகம் போதவில்லை. 1977-ல் மணிக்கு 188 மைல் வேகத்தில் ஓட்டி, 33 கார்களில் ஒன்றாக இடம் பிடித்தார்.

இப்போது ஒரு தர்ம சங்கடம். "கனவான்களே, என்ஜின்களைக் கிளப்புங்கள்!" என்று குரல் கொடுப்பது அவ்வூர் சம்பிரதாயம். ஒரு பெண் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது? மைதானத்தின் அதிபர் டோனி ஹல்மன் தரப்பில் ஒரு சமாதானம் பிறந்தது: என்ஜினை வெளியிலிருந்து கிளப்புகிறவர் மெக்கானிக், அவர் ஆண்தானே! கத்ரியின் கோஷ்டி சளைக்கவில்லை. அந்த வேலைக்கும் ஒரு பெண்மணியையே நிறுத்திவிட்டார்கள்! கடைசியில், இண்டியானாபோலிஸில் முதன்முதலாகத் தகுதி பெற்ற சீமாட்டியுடன் கூடிய கனவான்களே என்று ஹல்மன் விளித்தார். கனவான்களை விட மனசு வரவில்லை, பாருங்கள்!

அன்று என்ஜின் கோளாறு. 29-வது இடம்தான் கிடைத்தது.

மறு வருஷம் கத்ரி சொந்தமாகவே ஒரு கோஷ்டி சேர்த்தார். பந்தயத்துக்கு இரண்டே நாள் இருக்கையில், தர்ம காரியத்துக்காக நடந்த டென்னிஸ் ஆட்டத்தில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் ஓட்ட விடுவார்களா? மூச்சுவிடவில்லை. கியர் போட வேண்டியதோ வலப்பக்கம்! இடது கையைக் குறுக்கே நீட்டிப் போட்டுக் கொண்டார்.

சுமார் மூன்று மணி நேரம் அந்தக் கையுடன் ஓட்டி, முப்பத்து மூவரில் ஒன்பதாவதாக வந்தார். அவருக்குப் பின்னால் வந்த இருபத்து நான்கு பேரும் கனவான்கள், கையும் முறியாதவர்கள்.