பல்பை மாத்தினீங்க... அதோட மூடியைப் பார்த்தீங்களா?

செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகனோடு வந்தார். எழுபது வயசு தாண்டியவர். "டாக்டரய்யா, பொழுது சாஞ்சா அப்பாவுக்குக் கண்ணு கூசுது. முந்தாநாள் வாசப்படி தெரியாம விழுந்துட்டார். கண்ணுக்கு ஏதாவது தைலம் குடுங்க" என்றார் மகன்.

கணுக்கால் வீக்கத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தேன். கண்மணி சாம்பல் பூத்திருந்தது. புரை. சித்த மருத்துவத்தில் கண் நோய்களை 96 என்று கணக்குச் சொல்வோம். ஆனாலும் புரை முற்றினால் அறுவை சிகிச்சைதான் வழி, தைலத்தில் கரையாது. கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். பிறகு, "விழுந்த இடத்துல வெளிச்சம் இல்லையா?" என்று கேட்டேன்.

"என்னங்க இப்படிக் கேக்குறீங்க! வாசல் சுவத்துல 50 வாட்ஸ் எல்.இ.டி. ஃப்ளட் லைட் போட்டிருக்கேன். பகல் மாதிரி இருக்கும்!"

அங்கேதான் சிக்கல். அந்த வெளிச்சம் படிக்குப் போகவில்லை, பெரியவர் கண்ணுக்குள் போயிருக்கிறது. ராத்திரி பெரம்பலூர் வழியாக பஸ்ஸில் போகிறீர்கள். எதிரே லாரி ஹெட்லைட் அடித்ததும் புழுதி படிந்த முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, ரோடே மறைந்துவிடுகிறதல்லவா? புரை விழுந்த கண்ணும் அந்தக் கண்ணாடி மாதிரிதான். வெளிச்சம் கூடக்கூடப் பார்வை குறையும்!

பழைய குண்டு பல்பு நாலாபக்கமும் ஒளியைத் தெளிக்கும். எல்.இ.டி. அப்படியில்லை. கடுகளவு சில்லு, உள்ளே பிறப்பது நீல ஒளி. மேலே பூசிய மஞ்சள் பூச்சு அதில் ஒரு பங்கை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. (அந்த நீல ஒளியைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் நோபல் பரிசு. அடுத்த ஜனவரியில் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கியது, எல்.இ.டி. பல்பு வீடு வீடாக வந்துவிட்டது.) சில்லின் முதுகுப் பக்கம் வெளிச்சம் கிடையாது, முன்பக்கம் மட்டும்தான். இத்தனை சின்ன இடத்தில் அத்தனை ஒளியும் குவிந்திருப்பதால் வெறும் கண்ணால் பார்த்தால் குத்தும். அதை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வது மூடியும் லென்ஸும்தான், வாட்ஸ் இல்லை.

நம்ம பாட்டிமார் அகலை மாடக்குழியில் வைத்தது எதற்காம்? காத்துக்கு மட்டுமில்லை. சுடர் கண்ணில் படாது, வெளிச்சம் மட்டும் வெளியே வரும்.

வீட்டு பல்பின் பால்வெள்ளை மூடி ஒளியைச் சிதறடித்துப் பரப்புகிறது. கொஞ்சம் ஒளி வீணாகும், ஆனால் கண்ணுக்கு இதம். ஸ்பாட் லைட்டில் புனல் மாதிரி ஒரு லென்ஸ் இருக்கும். கிணத்தில் முங்கிச் சாய்வாக மேலே பார்த்தால், தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். ஒளி வெளியே போக முடியாமல் உள்ளேயே திரும்புகிறது. அந்த லென்ஸிலும் இதே வேலைதான்! ஓரத்துக்கு ஓடும் ஒளியைத் திருப்பி முன்னால் அனுப்புகிறது. தெருவிளக்கைப் பகலில் அண்ணாந்து பாருங்கள். பல விளக்குகளில் சில்லு மேலே கடலைக்கொட்டை மாதிரி பிளாஸ்டிக் குமிழ் தெரியும். அது ஒளியை ரோட்டின் நீளத்துக்கு இழுத்துவிடும், எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போகாமல். ஆனால் விளக்கைக் கோணலாக மாட்டினால் அத்தனையும் பாழ்.

அட்டைப்பெட்டியில் 'பீம் ஆங்கிள்' என்று டிகிரி போட்டிருந்தால் பாருங்கள். 2 மீட்டர் கீழே, 24 டிகிரி விளக்கின் ஒளிவட்டம் சுமார் 85 செ.மீ.; 60 டிகிரி என்றால் 2.3 மீட்டர். அதே ஒளி ஏழு மடங்கு பரப்பில் பரவுகிறது. சாமி படத்துக்கு 24 சரி. பிள்ளை படிக்கிற மேஜைக்கு அகலமான ஒளிதான் வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சில்லு புள்ளி புள்ளியாகத் தெரிகிறதா? அந்த விளக்கு அங்கே வேண்டாம்.

நிறத்தையும் பாருங்கள். 6500 கே என்றால் நீலம் கலந்த வெள்ளை. படுக்கையறைக்கு 3000-க்கு மேல் போகாதீர்கள். ராத்திரி நீல ஒளி தூக்கத்தைக் கெடுக்கும். தெருவிளக்குக்கே 3000 அல்லது அதற்குக் கீழே, மறைப்பும் வேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் சொன்னது.

அரியலூர்க்காரர்களுக்கு இன்னொன்று. சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி படிந்தால் தெளிவான மூடிகூட ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும். சுவிட்சை அணைத்து, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபிறகு போடுங்கள்.

அந்தப் பெரியவர் வீட்டுக்குப் புது விளக்கு வாங்கச் சொல்லவில்லை. பின்பக்கத் திருகைத் தளர்த்தி, விளக்கின் முகம் தரையைப் பார்க்கும்படி திருப்பச் சொன்னேன். அடுத்த வாரம் கட்டுப் பிரிக்க வந்தார்கள். "இப்பப் படி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுதுங்க" என்றார் பெரியவர். ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாச்சா என்று கேட்டேன். மகன் தலையைச் சொறிந்தார்.