அலைக்குப் பிறகு சக்கரம்

அந்தமான் நிகோபார் சைக்கிள் பந்தயக்காரர்களின் வெற்றிக்குச் சுனாமியைக் காரணம் காட்டுகிறார்கள். உண்மைக் காரணம் வேறு.

வேகப் பந்தயங்களில் இதைவிட விசித்திரமானது இருக்க முடியாது. சரிந்த விளிம்புகள் கொண்ட 250 மீட்டர் மர ஓடுதளம். இரண்டு சைக்கிள்கள். போட்டி தொடங்கியாயிற்று. ஆனால் யாரும் பறக்கவில்லை, ஊர்கிறார்கள். சில சமயம் சக்கரம் அசையாமல் அப்படியே நின்றுவிடுகிறார்கள். முன்னால் இருப்பவர் கழுத்தைத் திருப்பிப் பின்னால் இருப்பவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் முதலில் பொறுமை இழப்பது என்பதுதான் கேள்வி. பிறகு திடீரென்று ஒரு வெடிப்பு. கடைசி 200 மீட்டரைச் சுமார் பத்து வினாடிகளில் கடக்கிறார்கள். அதாவது மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கும் மேல். சைக்கிளில் பிரேக் கிடையாது. கியர் மாற்றவும் முடியாது.

'ஸ்பிரின்ட்' எனப்படும் இந்தப் போட்டிகளில் இந்தியாவை உலகம் திரும்பிப் பார்க்க வைத்தவர்களில் சிலர் வந்தது, சென்னையிலிருந்து கப்பல் ஏறினால் மூன்று நாள் பிடிக்கும் தீவுகளிலிருந்து. 2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில் எசோ ஆல்பன் 'கெய்ரின்' பிரிவில் வெள்ளி வென்றார். உலக சாம்பியன்ஷிப் ஒன்றில் இந்திய சைக்கிள் வீரர் பெற்ற முதல் பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் ஓடர் நகரில், மணிப்பூர் இளைஞர்களோடு சேர்ந்து அவர் ஜூனியர் குழு ஸ்பிரின்டில் தங்கமே வாங்கிவிட்டார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்குப் போன இந்திய அணியில் ரொனால்டோவும் டேவிட் பெக்காமும் இருந்தார்கள். கால்பந்துக்காரர்கள் அல்ல. முன்னவர் மணிப்பூர், பின்னவர் நிகோபார். இருவரும் மிதித்தது சைக்கிளை.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி நிகோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்ட். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது அவருக்கு வயது ஒன்பது. மரம் ஒன்றைப் பற்றிக்கொண்டு பல நாட்களைக் கழித்து உயிர் பிழைத்த சிறுமி. 2015-இல் பெண்களுக்கான 500 மீட்டர் போட்டியின் உலகத் தரவரிசையில் நான்காம் இடத்தை எட்டினார்.

பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. கிடைத்ததை விடவுமில்லை. "சுனாமியையே வென்றவர், சக எதிராளிக்கா அஞ்சுவார்?" என்கிற தொனியில் எழுதித் தள்ளினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரழிவு மனிதனுக்கு மன உறுதியைப் பரிசாகத் தந்துவிட்டுப் போகும் என்பது ஆபத்தான நம்பிக்கை. அதே அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தப்பியவர்களில் எத்தனையோ பேருக்கு அது தந்தது பலத்தை அல்ல, தூக்கமில்லாத இரவுகளை.

மீட்டது எது?

சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் மனநல மருத்துவர்கள் அந்தமான் நிகோபார் முகாம்களுக்குச் சென்று பணியாற்றினார்கள். மக்கள் தாக்குப்பிடித்ததற்கு அவர்கள் பதிவு செய்த காரணங்களில் மாயம் ஏதுமில்லை. நெருங்கிய குடும்பம், ஒன்றுபட்ட சமூகம், தங்கள் துயரை ஒதுக்கிவைத்துப் பிறருக்காக நின்ற ஊர்த் தலைவர்கள், மத நம்பிக்கை. கார் நிகோபாரில் 'துஹெத்' என்ற கூட்டுக் குடும்ப முறை உண்டு. தோட்டமும் உழைப்பும் சாப்பாடும் பொது. அப்படிப்பட்ட இடத்தில் துக்கத்தையும் ஒருவர் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

உடல் விஷயத்திலும் இதே கதைதான். ஹோடி எனும் துடுப்புப் படகு, தென்னை மரம், கால்பந்து, கடல் ஆகியவற்றோடு வளரும் பிள்ளைக்குத் தோளும் தொடையும் உறுதிப்படும். மறுப்பதற்கில்லை. ஆனால் இவை தலைமுறை தலைமுறையாக இருப்பவை. உலகப் பதக்கம் வந்தது 2018-இல். நடுவில் சேர்ந்தது எது? போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம். 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லியில் கட்டப்பட்ட உள்ளரங்க சைக்கிள் தளம், அங்கே உருவான தேசிய அகாடமி. நல்ல சைக்கிள், சத்துணவு, தினமும் கூடவே நிற்க ஒரு பயிற்சியாளர்.

பத்து வினாடி எரிபொருள்

அந்தப் பயிற்சியாளர் செய்வது என்ன? 'விரட்டி வேலை வாங்குவது' என்பதே பொதுவான எண்ணம். ஸ்பிரின்ட் பயிற்சி அதற்கு நேர்மாறானது. முழு வேகத்தில் மிதிக்கும்போது தசை முதலில் செலவழிப்பது தன்னிடம் தயாராக இருக்கும் பாஸ்பேட் சேமிப்பை. அது சுமார் பத்து வினாடிக்குத்தான் வரும். மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். ஆகவே ஒரு முறை முழு மூச்சாக மிதித்தபின் நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். களைத்த காலை "இன்னும் ஒரு தடவை" என்று விரட்டினால் அது கற்றுக்கொள்வது மெதுவாக மிதிக்கத்தான். பளு தூக்கலும் அப்படியே. எடையைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். தசை வலுப்பெறுவது தூக்கும் நேரத்தில் அல்ல, பிறகு உண்டு உறங்கும் நேரத்தில்.

மனதுக்கும் இதே கணக்குதான். கெய்ரின் போட்டியில் ஆறு சுற்றுகள். முதல் மூன்றில் ஒரு மோட்டார் வண்டி முன்னே சென்று வேகத்தை ஏற்றும். அதை முந்தக் கூடாது. அது விலகியதும் முழங்கைகள் உரச, நொடிப்பொழுதில் வழி தேட வேண்டும். அப்போது கை நடுங்காமல் இருக்க, முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டு இதயத் துடிப்பைத் தணிப்பது. போட்டியைக் கண்ணை மூடி மனதுக்குள் பலமுறை ஓட்டிப் பார்ப்பது. பதக்கத்தை மறந்து, அடுத்த வளைவை மட்டும் நினைப்பது. மேடைக் கச்சேரிக்கு முன் பாடகர் சாதகம் செய்வதுபோல இவையும் தினசரிச் சாதகம்தான். போட்டி நாளன்று புதிதாகத் தைரியம் வந்து சேராது.

நம்பிக்கை உடைந்தால்

இத்தனைக்கும் அடித்தளமாக ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் மீது நம்பிக்கை. எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எந்தப் போட்டிக்குப் போவது என்பதை எல்லாம் தீர்மானிப்பவர் அவர். வீட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கடல் தாண்டி வந்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவர்தான் துஹெத். அந்த அதிகாரம் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் இந்திய சைக்கிள் உலகம் பார்த்துவிட்டது. 2022 ஜூனில் ஸ்லோவேனியா முகாமில் இருந்த ஒரு தேசிய வீராங்கனை, தன் பயிற்சியாளர் முறைகேடாக நடந்துகொண்டதாகப் புகார் செய்தார். விளையாட்டு ஆணையம் அவரை நாட்டுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டது. பயிற்சியாளரின் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வீராங்கனைகள் செல்லும் பயணங்களில் பெண் பயிற்சியாளர் ஒருவர் கட்டாயம் உடன்செல்ல வேண்டும் என்ற விதி அதன் பிறகே வந்தது. பயத்தோடு படுக்கப் போகும் பெண்ணிடம் மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

பதக்கக் கனவு இல்லாத நமக்கும் இதில் சேதி உண்டு. 'லான்செட்' குழுமத்தின் இதழ் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, 2022 நிலவரப்படி இந்தியாவில் வயது வந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடல் உழைப்பு இல்லாதவர்கள் என்றது. 2000-இல் இது 22 சதவீதமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி. தினமும் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாக வேகநடை போதும். ஜனவரி முதல் தேதி ஜிம்மில் சேர்ந்து, மூன்று நாள் உடலை வாட்டி, நான்காம் நாள் எழ முடியாமல் படுத்துவிடுகிறவர்கள் ஸ்பிரின்ட் வீரர்களின் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதில் ஓய்வு நாளும் எழுதப்பட்டிருக்கும்.

நகரங்களில் இப்போது வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் 'பெர்சனல் டிரெய்னர்'கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் நல்லவரை அடையாளம் காண்பது கடினமல்ல. அவர் பளுவைக் கையில் தருவதற்கு முன், நேற்று இரவு எப்படித் தூங்கினீர்கள் என்று கேட்பார். பதிலைக் கேட்ட பிறகு அன்றைய எடையைக் குறைக்கவும் தயாராக இருப்பார்.