ஃபீஸ் கட்டியாச்சு... ஆட்டோவுக்கு? மாற்றுத்திறனாளி மாணவர்கள் எங்கே உதவி கேட்கலாம்?

தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்டோர் பெண்கள் கிரிக்கெட் அணியின் கேப்டனாக இருந்தவர் ப்ரீத்தி ஸ்ரீனிவாசன். 1998-ல் கடலில் நடந்த விபத்து, அவரைக் கழுத்துக்குக் கீழே செயலிழக்கச் செய்தது. பிறகு அஞ்சல் வழியில் உளவியல் படிக்க முயன்றபோது, 'லிஃப்ட் இல்லை, சாய்தளம் இல்லை' என்று மறுக்கப்பட்டதாக மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இன்று சட்டம் மாறிவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவிகிதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவிகித இடம் உண்டு. வயது வரம்பிலும் 5 ஆண்டுகள் தளர்வு.

சரி, சீட் கிடைத்துவிட்டது. பணம்?

முதலில் யுடிஐடி அட்டை. அது இல்லாமல் எந்தக் கதவும் லேசில் திறக்காது. அடுத்து, தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் என்றால், மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ-யின் 'சக்‌ஷம்' திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம்.

பலர் கோட்டைவிடுவது விண்ணப்பத்தில் அல்ல, அதற்குப் பிறகுதான். கல்லூரி தரப்பில் ஆன்லைனில் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்காவிட்டால், விண்ணப்பம் அப்படியே கிடக்கும். ஆதார் இணைக்காத வங்கிக் கணக்கும் காலை வாரும். 'அனுப்பிட்டோம்மா' என்ற பதிலை நம்பி உட்காராமல், போர்ட்டலில் நீங்களே ஸ்டேட்டஸ் பாருங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

ஆனால், கடும் பாதிப்புள்ளவர்களின் வீட்டில் நிஜமான செலவு ஃபீஸ் மட்டுமல்ல. தினமும் ஆட்டோ. சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி உட்காரவைக்க, கழிவறைக்கு அழைத்துப்போக ஓர் ஆள். பெரும்பாலும் அது அம்மாதான். மகளோடு கல்லூரி வாசலில் காத்திருப்பதற்காக வேலையை விட்டவர். இந்த இழப்பை எந்த ஸ்காலர்ஷிப்பும் முழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை. தமிழக அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்குத் தரும் மாதப் பராமரிப்புத் தொகை 2,000 ரூபாய். ஆட்டோவுக்கே போதாதுதான். ஆனாலும் வாங்காமல் விடாதீர்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போது, பேட்டரி சக்கர நாற்காலி பற்றியும் கேளுங்கள்.

செலவே இல்லாத ஒரு உதவியும் இருக்கிறது. அட்மிஷன் முடிந்த அன்றே, வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, அதன் நகலில் கல்லூரி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.