புரூக்ளின் பாலம்: கேபிளுக்குள் ஒளிந்திருக்கும் டெண்டர் மோசடி!

நியூயார்க் போகிறவர்கள் புரூக்ளின் பாலத்தில் நின்று ஒரு செல்ஃபி எடுக்காமல் திரும்புவதில்லை. பாலத்தைத் தாங்கி நிற்பவை நான்கு தடித்த கேபிள்கள். ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான ஸ்டீல் கம்பிகளைச் சேர்த்துக் கட்டியது. அவற்றில், சோதனையில் தேறாத கம்பிகளும் கலந்திருக்கின்றன!

பாலத்தைத் திட்டமிட்டவர் ஜான் ரோப்ளிங். கம்பி வடம் தயாரிக்கும் தொழிற்சாலையின் முதலாளியும் அவர்தான். 1869-ல் அவர் இறந்ததும் மகன் வாஷிங்டன் ரோப்ளிங் தலைமைப் பொறியாளர் ஆனார். ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் அஸ்திவார வேலை பார்த்ததில் அவர் உடல்நிலை மோசமானது. வீட்டிலிருந்தபடியே உத்தரவுகள் கொடுத்தார். அவற்றைக் களத்துக்குக் கொண்டுபோனவர் மனைவி எமிலி.

1876-ல் கம்பிக்கு டெண்டர் விடும் நேரம். 'பாலத்தின் பொறியாளருக்குப் பங்கு இருக்கும் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் தரக் கூடாது' என்று அறங்காவலர் குழுவில் தீர்மானம் கொண்டுவந்தார் ஆப்ராம் ஹெவிட். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வாஷிங்டன் தன் பங்குகளை விற்றுவிட்டார். ஆனாலும் கான்ட்ராக்ட் போனது லாயிட் ஹேய் என்பவருக்கு. ஹேயின் ஆலை ஹெவிட்டிடம் அடமானத்தில் இருந்தது என்று வாஷிங்டன் பின்னர் குற்றம் சாட்டினார்.

ஹேய் செய்த தில்லுமுல்லு ரொம்ப எளிமையானது. ஆலையில் இன்ஸ்பெக்டர்கள் நல்ல கம்பியைச் சோதித்து சான்றிதழ் தருவார்கள். வண்டி கிளம்பும். வழியில் ஓர் இடத்தில் நல்ல கம்பி இறங்கும். கழித்துக்கட்டிய கம்பி ஏறும். இறங்கிய நல்ல கம்பி மறுபடி ஆலைக்குப் போய், அடுத்த சோதனைக்குத் தயாராக நிற்கும். ஒரே கம்பிக்கு எத்தனை சான்றிதழோ!

சந்தேகப்பட்டு வண்டியைப் பின்தொடர்ந்தபோதுதான், 1878-ல், குட்டு உடைந்தது. அதற்குள் 200 டன்னுக்கும் மேல் மோசமான கம்பி கேபிளில் ஏறிவிட்டது. கட்டிய கம்பியைப் பிரித்தெடுக்க வழியில்லை.

காப்பாற்றியது வாஷிங்டன் போட்ட கணக்கு. தேவையைப் போல 6 மடங்கு பலம் இருக்கும்படி அவர் கேபிள்களை வடிவமைத்திருந்தார். மோசமான கம்பிகள் கலந்தும் 5 மடங்கு மிஞ்சும் என்று கணக்கிட்டார். இருந்தும் மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு கேபிளிலும் கூடுதலாக 150 நல்ல கம்பிகளைச் சேர்க்க வைத்தார். செலவு ஹேய் தலையில்.

இந்த மோசடிக்காக ஹேய் சிறைக்குப் போகவில்லை. பின்னாளில் வேறொரு மோசடி வழக்கில்தான் உள்ளே போனார்.

1883 மே 24-ல் திறப்பு விழா. மேடையில் முக்கியப் பேச்சாளர்களில் ஒருவர், அதே ஆப்ராம் ஹெவிட்! வாஷிங்டன் விழாவுக்கு வரவில்லை; தன் வீட்டிலிருந்தே பார்த்தார்.

அந்தக் கம்பிகள் இன்றும் கேபிளுக்குள்தான் இருக்கின்றன. கீழே கார்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.