ஒரே இரத்தம், வேறு வேறு எண்கள்

வளர்ச்சி ஹார்மோன், பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து விட்டுவிட்டு அலையலையாக வெளிப்படுவது. இரத்தத்தில் கலந்தபின் ஏறக்குறைய 20 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடுவது. அதன் அளவோ நானோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் சொல்லப்படுகிறது. பிட்யூட்டரி நீக்கப்பட்ட எலிக்கு ஹார்மோனைச் செலுத்தி, அதன் கீழ்க்கால் எலும்பின் வளர்தட்டில் குருத்தெலும்பு எவ்வளவு தடித்தது என்று நுண்ணோக்கியில் அளந்த பழைய முறை, சுரப்பியின் சாற்றை மதிப்பிட உதவியதே தவிர, இரத்தத்தில் இருக்கும் அற்ப அளவுக்கு எட்டவில்லை.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ராசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினுக்காக உருவாக்கிய ரேடியோ இம்யூனோ அஸே, 1963இல் வளர்ச்சி ஹார்மோனுக்கும் பயன்பட்டது. ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் சோதனைக் குழாயில் குறைந்த அளவே இடப்படுகிறது. கதிரியக்க அயோடின் ஏற்றிய ஹார்மோனும் நோயாளியின் சீரமும் அதில் சேரும்போது, இருவகை ஹார்மோனும் அந்தச் சில இடங்களுக்காகப் போட்டியிடுகின்றன. நோயாளியின் ஹார்மோன் மிகுதியாக இருந்தால், எதிர்ப்பொருளோடு ஒட்டிய கதிரியக்கம் அந்த அளவுக்குக் குறைகிறது. அதே ஆண்டு, இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் இந்த ஹார்மோன் சட்டென உயர்வதையும் யாலோ–பெர்சன் குழு கண்டறிந்தது. இன்சுலின் கொடுத்து, குறித்த இடைவெளிகளில் இரத்தம் எடுத்து உச்ச அளவைக் காணும் தூண்டல் சோதனைக்கு அதுவே அடிப்படை. யாலோ 1977இல் நோபல் பரிசு பெற்றபோது, பரிசைப் பகிர்ந்திருக்க வேண்டிய பெர்சன் உயிரோடு இல்லை.

இன்றைய ஆய்வகங்களில் கதிரியக்கம் அநேகமாக இல்லை. பரப்பில் பதித்த ஓர் எதிர்ப்பொருள் ஹார்மோனைப் பிடிக்க, ஒளிரும் பொருளைச் சுமந்த இன்னொன்று மறுபக்கத்தைப் பிடிக்க, ஒட்டாதவை கழுவி நீக்கப்பட்டபின் எஞ்சும் ஒளி அளக்கப்படுகிறது. சிக்கலும் இங்கேயே எழுகிறது. வளர்ச்சி ஹார்மோன் ஒரே உருவில் இருப்பதில்லை. 191 அமினோ அமிலங்கள் கொண்ட முதன்மை வடிவத்தோடு, அவற்றில் 15 குறைந்த சிறிய வடிவமும் இரத்தத்தில் ஓடுகிறது. கணிசமான பங்கு ஒரு பிணைப்புப் புரதத்தோடு கட்டுண்டும் கிடக்கிறது. பழைய எதிர்ப்பொருள் கலவை இவ்வடிவங்களில் பலவற்றைச் சேர்த்தே எண்ணியது; ஒரே ஒரு முகத்தை மட்டும் அறியும் புதிய எதிர்ப்பொருள்கள் சிலவற்றை விட்டுவிடுவதால், அதே சீரத்துக்குக் குறைந்த எண்ணையே தருகின்றன.

இது ஏட்டளவிலான வேறுபாடன்று. தூண்டல் சோதனையில் உச்சம் மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமைத் தொடாத குழந்தைக்குக் குறைபாடு உண்டு என்ற எல்லை, பழைய முறைகளின் காலத்தில் வேரூன்றியது. கருவி மாறியபின்னும் எல்லையை அப்படியே வைத்திருந்தால், நலமான குழந்தைக்கும் பல ஆண்டுகள் நாள்தோறும் ஊசி போட நேரிடும். எனவே, மரபணுத் தொழில்நுட்பத்தில் உருவாக்கிய தூய முதன்மை வடிவமான 98/574 என்ற பன்னாட்டுத் தரப்பொருளைக் கொண்டே எல்லாக் கருவிகளும் அளவிடப்பட வேண்டும் என்று 2011இல் வல்லுநர் குழு பரிந்துரைத்தது. தரப்பொருள் ஒன்றானபின்னும் எதிர்ப்பொருள்கள் வேறு வேறாகவே இருப்பதால், இரண்டு ஆய்வக அறிக்கைகளை ஒப்பிடும் மருத்துவர் எண்ணுக்கு முன்பே அளவீட்டு முறையின் பெயரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறிக்கைகள் பலவற்றில் அந்தப் பெயர் அச்சிடப்படுவதே இல்லை.