கருவிலுள்ள மகவும் மதுவும்

வகுப்பிலே ஒரு பாடத்தைப் பன்முறை கேட்டும் மறுநாளே மறந்துவிடும் மாணவனை ‘மந்தன்’ என்றும், ஓரிடத்தில் அமைந்திராதவனை ‘அடங்காதவன்’ என்றும் பெயரிட்டுவிடுதல் ஆசிரியராகிய நமக்கு எளிதாயிருக்கின்றது. இத்தகையோருள் சிலரது குறை, அவர் இவ்வுலகைக் காணுமுன்னரே தாய் வயிற்றில் விளைந்ததாயிருக்கலாம் என மருத்துவ நூலார் கூறுவர். அக்குறைக்குரிய காரணங்கள் பல. அவற்றுள் முற்றாகத் தடுக்கக்கூடியதொன்று, கருவுற்ற காலத்தில் தாய் அருந்தும் மது. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுவின் தீமையைத் தமிழர் அறியாதவரல்லர். வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ என ஓரதிகாரமே வகுத்தார். ஆங்குப் பெரிதும் பேசப்படுவது உண்பவனுக்கு வருங் கேடு. ஈண்டு யாம் கருதுவதோ, உண்ணாத ஓருயிர்க்கு வருங் கேடு.

மேனாட்டார் இதனைக் கண்டும் காணாதவராய் நெடுங்காலம் இருந்தனர். இலண்டன் மாநகரில் ‘ஜின்’ என்னும் மலிவான மது பெருகிய காலத்தில், அங்குள்ள அரச மருத்துவர் கல்லூரியார் 1726 ஆம் ஆண்டில் பாராளுமன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் விடுத்தனர். நலிந்த, நோயுற்ற குழந்தைகள் பிறத்தற்கு அம்மது காரணமாகின்றது என்பது அவர் முறையீடுகளுள் ஒன்று. 1899 இல் லிவர்பூல் சிறைச்சாலை மருத்துவர் வில்லியம் சலிவன் தம் ஆய்வினை வெளியிட்டார். குடிப்பழக்கமுள்ள 120 தாயர் பெற்ற 600 பிள்ளைகளுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் இறந்து பிறந்தனர், அல்லது இரண்டு வயது நிரம்புமுன் மாண்டனர். அத்தாயரின் குடியாத உறவுப் பெண்களிடத்து இவ்விழப்பு அதிற் பாதியளவும் இல்லை.

ஆயினும், இத்தகைய கேடுகளை வறுமையின் மேலும் பரம்பரையின் மேலும் ஏற்றி உலகம் அமைதியுற்றது. 1960களில், குறைமாதப் பேற்றினைத் தடுத்தற்பொருட்டு மருத்துவர்களே மதுசாரத்தைக் கருவுற்ற மாதரின் நாளத்தினுட் செலுத்தினர் என்றால், அறியாமை எத்துணை ஆழமானது என்பது புலப்படும். 1968 இல் பிரான்சிலுள்ள நாந்த் நகரக் குழந்தை மருத்துவர் போல் லெமுவான், மதுவருந்திய பெற்றோரின் பிள்ளைகள் 127 பேரை ஆராய்ந்து எழுதியதும் பலர் செவிக்கு எட்டவில்லை. 1973 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்து மருத்துவர்களாகிய கெனத் ஜோன்ஸ், டேவிட் சிமித் ஆகியோர் இந்நோய்த்தொகுதிக்கு ஒரு பெயரிட்டு வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது.

இக்கேடு விளையுமாறு யாதெனின், தாய் அருந்திய மதுசாரம் அவள் குருதியிற் கலந்து, நஞ்சுக்கொடியினூடே தடையின்றிக் கருவை அடைகின்றது. மதுவைச் சிதைக்கும் ஆற்றல் கருவின் ஈரலுக்கு மிகச் சொற்பம். பனிக்குட நீரிலும் மதுசாரம் தங்குதலால், அதன் தாக்கம் நீடிக்கின்றது. முதல் மூன்று மாதங்களில் முகமும் உறுப்புகளும் உருவாகும்போது ஊறு நேரின், சிறுத்த கண்வெட்டு, மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்குமிடையே பள்ளமின்மை போன்ற அடையாளங்கள் தோன்றலாம். மூளையோ கருக்காலம் முழுவதும் வளர்வது. ஆதலின் அதற்கு இடர் இல்லாத மாதம் இல்லை. நினைவு, கவனம், கணக்கு, விளைவை முன்னறிந்து நடக்கும் திறன் ஆகியன குன்றலாம். முகத்தில் யாதோர் அடையாளமுமின்றி மூளை மட்டும் ஊறுபட்ட குழந்தைகளே மிகப் பலர். அவர்களே வகுப்பறையில் இனங்காணப்படாது தண்டனைக்குள்ளாவர்.

‘சிறிதளவு குடித்தால் என்ன?’ என்பார் உளர். கருவுக்குத் தீங்கற்ற அளவு இதுவென எவரும் நிறுவிலர். கள், பியர், வைன், சாராயம் என்னும் பெயர்கள் வேறாயினும், அவற்றுள் அமைந்த மதுசாரம் ஒன்றே. மதுவுண்ட தாயர் எல்லோரின் பிள்ளைகளும் ஒரே வகையாகத் தாக்கமுறுவதில்லை. எனினும் எப்பிள்ளை தப்பும் என முன்கூட்டிக் கூறவல்லார் இலர். அறியாது அருந்தியவள் எந்த மாதத்தில் நிறுத்தினாலும் அதனாற் பயனுண்டு.

நம் நாட்டு மாதருட் பெரும்பாலோர் மதுவருந்தாதவர். ஆதலின் இஃது நமக்குரியதன்று எனக் கருதற்க. நம் பழைய மாணவர் பலர் இலண்டனிலும் தொறன்ரோவிலும் மெல்பேணிலும் இல்லறம் நடத்துகின்றனர். ஆங்கு விருந்துகளில் ஆடவரொப்பப் பெண்டிர்க்கும் கிண்ணம் நீட்டப்படுதல் வழக்கம். கருவுற்றவளுக்கு அதனை நீட்டாதிருத்தலும், அவளோடு தானும் ஒன்பது திங்கள் மதுவை விலக்குதலும் கணவன் கடமையாகும். குற்றம் முழுவதையும் தாயின் தலையிற் சுமத்துதல் அறமன்று. பழிக்கு அஞ்சும் தாய் மருத்துவரிடம் உண்மையை மறைப்பாள்; அதனால் வருந்துவது குழந்தையே.

நேர்ந்த ஊற்றினை மாற்றும் மருந்து இல்லை. ஆயினும் கைவிடத்தக்க பிள்ளை எவனுமில்லை. சியாற்றிலில் இத்தகையோரை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்த உளவியலாளர் ஆன் ஸ்ரைஸ்கத், இளமையிலேயே குறை இனங்காணப்பட்டு, நிலையான அன்புள்ள இல்லத்தில் வளர்ந்தோர்க்குப் பிற்காலத் துன்பங்கள் குறைந்திருந்தன என்று கண்டார். ஆசிரியர்க்கு இதுவே நம்பிக்கை தருஞ் செய்தி. ஒருமுறைக்கு ஒரு கட்டளை, சுருங்கிய சொற்கள், நாள்தோறும் மாறா ஒழுங்கு, சலியாது திரும்பக் கூறல் ஆகியன இத்தகைய மாணவனுக்கு உதவும், பிரம்பு உதவாது. நோயை நிதானித்தல் மருத்துவர்க்குரியது. கற்றலில் பின்தங்கியோர் எல்லோரின் தாயரையும் ஐயுறுதல் பெரும் பிழை. நமக்குரியது, ‘இவன் ஏன் செய்ய மாட்டான்?’ என்று சினவாது, ‘இவனால் ஏன் செய்ய இயலவில்லை?’ என்று வினவுதலேயாம்.