கட்டட முகப்பில் களிமண் ஓவியம்: இலண்டன் பிளீட் கட்டடம்

மாணவர்களே, இரண்டாம் உலகப் போரில் (1939–1945) இலண்டன் நகரின் பல பகுதிகள் குண்டுவீச்சினால் அழிந்தன. அதன்பின் எழுந்த கட்டடங்களிற் பல கொங்கிறீற்றும் கண்ணாடியும் கொண்ட, அலங்காரமற்ற நேர்கோட்டு வடிவங்களாகும். இவ்வெறுமையைப் போக்கச் சில கட்டடங்களின் முகப்பில் சுட்ட களிமண் ஓடுகளாலான சுவரோவியங்கள் பதிக்கப்பட்டன. இதற்குச் சிறந்த உதாரணம், பாரிங்டன் வீதியிலிருந்த பிளீட் கட்டடத்துக்காக டொரத்தி அனன் (1900–1983) 1960இல் படைத்த ஒன்பது சுவரோவியங்களாகும்.

1. ஊடகம்
வெளிச்சுவரில் தீட்டிய வர்ணம் மழையினாலும் புகையினாலும் மங்கும். உயர் வெப்பத்தில் சுட்ட களிமண் கல்லைப் போல் இறுகி, நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மெருகுப்பூச்சு உருகிக் கண்ணாடி போலாவதால் நிறம் நிலைக்கும். கழுவித் துடைக்கவும் முடியும்.

2. ஆக்கமுறை
ஓர் ஓவியத்துக்கு 40 ஓடுகள், மொத்தம் 360. அனன் மட்பாண்டத் தொழிற்சாலைக்கே சென்று, ஈரமான ஓடுகளில் தம் கையாலேயே கோடுகளைக் கீறினார். சுட்ட பின்னரும் அவரது தூரிகைத் தடங்கள் தெரிகின்றன. தொழிற்சாலையில் சுடப்பட்டாலும் இது கைவேலையே என்பதை மறவாதீர்கள்.

3. கருப்பொருள்
பிளீட் கட்டடம் ஒரு தொலைபேசி இணைப்பகம். எனவே வடங்கள், மின்பிறப்பாக்கிகள், நாட்டுப்புறத்தைக் கடந்து செல்லும் தொலைபேசிக் கம்பிகள் என்பன அரைஅரூப வடிவில் இடம்பெற்றன. உள்ளே நடக்கும் வேலையை வெளிச்சுவர் வீதிக்குச் சொல்லியது.

4. பாதுகாப்பு
கட்டடத்தை இடிக்கும் திட்டம் எழுந்தபோது, 2011இல் இவ்வோவியங்கள் பாதுகாக்கப்பட வேண்டியவையாகப் பட்டியலிடப்பட்டன. 2013இல் இவை பார்பிக்கன் வளாகத்தின் நடைபாதைச் சுவருக்கு மாற்றப்பட்டன. கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டது.

சிந்திக்க:
ஓவியங்கள் பிழைத்தன, ஆனால் அவை பேசிய கட்டடம் இன்றில்லை. அன்று வழிப்போக்கருக்கு அவ்விடமே விளக்கமாக இருந்தது. இன்று ஒருவர் எடுத்துச் சொன்னாலே அது தொலைபேசி வடம் என்று புரியும். முகப்புக் கலையில் இடமும் படைப்பின் ஒரு பகுதி என்பதை இதனால் அறியலாம்.

பரீட்சைக் குறிப்பு:
"அழகாக உள்ளது" என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது. ஊடகம், ஆக்கமுறை, கருப்பொருள், இடம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு காரணத்துடன் எழுதுங்கள்.